அம்பு ஒட்டிய பொம்மைகள்

நொய்யல் பாலத்தைத் தாண்டி காங்கேயம் சாலையைப் பிடித்தபோது மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு அன்றைக்கு ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் பச்சை. எந்தப் பட்டறையில் என்ன சாயம் போடுகிறார்களோ அதுதான் அந்த ஊர் ஆற்றுக்கு நிறம். மண்ணரையில் குடியிருந்தவரை அதைப் பார்த்து யாரும் நின்றதில்லை, நானும் நின்றதில்லை. அன்றைக்குக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நல்லூருக்கு அப்பால் ஒரு டீக்கடை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டீ சொன்னேன். கடைக்காரர் மூட்டையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க அது, கட்டிங் வேஸ்டா?"

"பொம்மைங்க."

"விக்கறதுக்குங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் எங்க கொண்டு போறீங்க?"

எங்கே திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"சரி, ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. எம் பையன் வெளையாடுவான்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினேன். "ஒரு பொம்மைக்கு இந்தப் பவுசு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. எனக்கு வருத்தமில்லை. இதைவிடக் கெட்ட பேச்சை எல்லாம் ஒரு அக்கா எனக்கு முன்பே மண்ணரையில் வீடு வீடாக வாங்கியிருந்தார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. தைத்து வரும் பனியன்களை அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துக் கழிப்பது அவர் வேலை. கழுத்தில் ஒரு நாடா, நாடாவில் நூல் வெட்டும் கட்டர். இடது கண் எப்போதும் கொஞ்சம் சுருங்கியே இருக்கும். இரக்கமுள்ள முகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எதைக் கொடுத்தாலும் அவர் முதலில் திருப்புவார். பனியனை உள்பக்கம் வெளியே வருமாறு உருவித்தான் பார்ப்பார். முன்பக்கத்துப் பிரிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குக் கடைசியில்தான் முறை. கம்பெனியில் மட்டும் இல்லை. மெஸ்ஸில் இட்லி வைத்தால் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். சந்தையில் கத்தரிக்காயின் காம்புக்கு அடியில் பார்ப்பார். ஒருமுறை தையல் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளை போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார்கள். அக்கா பழக்கத்தில் போட்டோவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் தையல் லைன் முழுக்க நின்றுபோனது.

"சிரிங்க சிரிங்க" என்றார் அக்கா. "மூஞ்சிக்கு அல்லாரும்தான் பவுடர் போடுவாங்க. தையல் உள்ளதான இருக்குது."

நான் அங்கே பேக்கிங்கில் மூட்டை தூக்கினேன். அதற்கு முன் உப்பளத்தில் இருந்தேன், பரோட்டா கடையில் இருந்தேன், ஒரு லாரியில் கிளீனராகப் பாதி இந்தியாவைத் தூங்கிக்கொண்டே பார்த்தேன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே அழுக்கு திட்டாக இருந்தது. "தம்பி, மேல வெள்ளையா இருந்தாப் போதுங்களா?" என்றார், எல்லோர் முன்னாலும். அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. மறுநாள் காலரைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவர் கவனிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஆர்டர் வந்தது. வெளிநாட்டுப் பையன்களுக்கான பனியன். நெஞ்சில் ஒரு சாகச வீரனின் படம். ஒவ்வொரு பனியனோடும் அதே வீரனின் சின்ன பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை, ஜன்னல் வைத்த அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். வீரர்கள் பல பேர். ஒரு பெட்டியில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வாங்கி, அத்தனை பேரையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஆசையாம். மேனேஜர் சொன்னார். சேர்த்து என்ன செய்வார்கள் என்று கேட்டோம். "அலமாரில வெச்சுப் பாப்பாங்க" என்றார். விளையாட மாட்டார்களா என்று கேட்டதற்கு, "கலெக்சன்யா அது" என்று சலித்துக்கொண்டார்.

முதலில் பொம்மைகளை, பனியன் வாங்குகிற கம்பெனியே வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. பெட்டியைப் பிரித்த அன்று தையல் பெண்கள் எல்லோரும் செக்கிங் மேசைக்கு வந்துவிட்டார்கள். வீரர்களின் இங்கிலீஷ் பெயர் எவருக்கும் தெரியாது. முதுகில் துணி தொங்கியவன் துண்டுக்காரன் ஆனான். தலையில் இரண்டு முனை நீட்டிக்கொண்டிருந்தவன் கொம்பன். நெஞ்சை நிமிர்த்திக் கையை ஓங்கி நின்றவனைப் பார்த்து ஒரு பெண், "அட, நம்ம கருப்பராயன்! சாமி, குதிரைய எங்க உட்டுட்டு வந்தீங்க?" என்று கும்பிட்டாள். எல்லா வீரர்களும் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டிருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் ஜட்டி தைச்சுக் குடுக்கறோம்" என்றாள் இன்னொருத்தி. "நம்ம பொழப்ப மதிச்சு வெளிய காட்டறவன் இவன் ஒருத்தன்தானப்பா."

அக்கா சிரிக்கவில்லை. துண்டுக்காரனை எடுத்தார். திருப்பினார். துண்டைத் தூக்கி முதுகைப் பார்த்தார். பொம்மையின் இரண்டு பாதியும் ஒட்டுகிற கோடு கழுத்திலிருந்து குதிகால் வரை நேராக ஓடுகிறதா, எங்காவது பிசிறு நிற்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடி மேசையில் நிறுத்தி மேசையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். பொம்மை நின்றது. கையைத் தூக்கிவிட்டார். தூக்கிய இடத்தில் நின்றது.

"இப்புடி நிக்கோணும்" என்றார். "தூக்குன கை தானா எறங்கிப்போச்சுன்னா இவன் எப்புடி ஊரக் காப்பாத்துவான்?"

அன்றிலிருந்து அவருக்குப் பனியனோடு பொம்மையும் வேலை ஆனது. பொம்மைக்கென்று யாரும் அவருக்கு விதி சொல்லித் தரவில்லை. பனியனுக்கு எதைப் பார்ப்பாரோ அதையே பார்த்தார். ரிப் கழுத்தை இழுத்துப் பார்ப்பதுபோல் கை காலை இழுத்தார். கண்ணில் வைத்த கறுப்புப் பொட்டு இமைக்கு வெளியே வழிந்திருந்தால் பிரிண்ட் நகர்ந்துவிட்டது என்று கழித்தார். கழித்த சாமானில், குறை இருக்கும் இடத்தைக் காட்டி, அம்பு வடிவத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே எல்லா கம்பெனியிலும் வழக்கம். துண்டுக்காரனின் கண்ணுக்கு நேரே, கொம்பனின் முழங்காலில், அக்காவின் அம்பு போய் நிற்கும். ஒரு குறையும் இல்லாத பொம்மை ஒன்றைத் தேர்ந்து, இதுதான் சாம்பிள் என்று மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிய சீட்டை அதன் காலில் கட்டி, மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். தினமும் காலையில் அதைத் துடைப்பார். அதைப் பார்த்தபிறகுதான் மற்றதைப் பார்ப்பார்.

அடுத்த ஆர்டருக்கு முதலாளி ஒரு யோசனை செய்தார். பொம்மை வெளிநாட்டிலிருந்து எதற்கு, இங்கேயே வார்த்துக்கொள்ளலாம் என்று எங்கோ ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் கொடுத்தார். வந்த பொம்மைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நின்றன. கையும் நின்றது. அக்கா வெள்ளை பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்து, சாயம் போகிறதா என்று துணியைத் தேய்த்துப் பார்ப்பதுபோல, கருப்பராயனின் நெஞ்சைத் தேய்த்தார். துணி சிவந்தது. இன்னொன்றைத் தேய்த்தார். பெட்டிக்குப் பெட்டி எடுத்துத் தேய்த்தார். துணி முழுக்கச் சிவப்பு.

அத்தனைக்கும் அம்பு ஒட்டினார். எல்லாவற்றுக்கும் வாயருகே ஒட்டினார். குறை உடம்பெல்லாம் இருக்கிறதே, அங்கே எதற்கு என்று கேட்டேன்.

"புள்ளைங்க எங்க வெப்பாங்க தம்பி? வாயிலதான வெப்பாங்க."

மேனேஜர் வந்து பார்த்தார். அவர் மறுத்துப் பேசவில்லை. அவருக்குத் தெரியாததை அக்கா ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. "வெளிநாட்டுல டெஸ்ட் போட்டான்னா மொத்த கன்டெய்னரும் ரிட்டன் வந்துரும். நல்லவேள பாத்தீங்க அக்கா" என்று பாராட்டினார். முதலாளி நல்ல பொம்மைகளை விமானத்தில் வரவழைத்தார். ஆர்டர் தப்பியது. கழித்த பொம்மைகள் சாக்குகளில் ஸ்டோருக்குப் போயின. கழித்தால் கழித்ததுதான் என்று அக்கா நம்பினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆயுத பூசைக்கு அக்கா தன் சொந்த ஊரான கொமரலிங்கம் போனார். அண்ணன் அங்கே ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்டிருந்தார். அந்த நாளில் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, சுண்டல். கூடவே ஆளுக்கு ஒரு பை. பைக்குள் செக்கிங்கில் கழித்த ஒரு செகண்ட்ஸ் பனியன், ஒரு பொம்மை. பைகளை ஸ்டோரிலிருந்து தூக்கி வந்து வைத்தது நான்தான். கட்டிய பை, உள்ளே என்ன என்று எனக்கும் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. அம்பைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்த ஊரில் செகண்ட்ஸ் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஊரே அதைத்தான் உடுத்துகிறது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, நெஞ்சில் தலைகீழாக ஒரு இங்கிலீஷ் எழுத்து, அதோடு கோயிலுக்கும் போவார்கள். கடைவீதியில் பனியன் வாங்குகிறவர்கள் அம்பு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடி வாங்குவார்கள். அம்பு இருந்தால் அசல் எக்ஸ்போர்ட் சாமான், கள்ளச்சரக்கு இல்லை. குறையைக் காட்டுகிற அடையாளம் அங்கே தரத்துக்கு அடையாளம் ஆகிவிட்டது. அன்றைக்குப் பையைப் பிரித்த பெண்கள் பொம்மையை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது முதலில் அந்த அம்பைத்தான்.

"அம்போட குடுத்துருக்கறாங்க பாரு. ஒரிஜினல்!"

மறுநாள் மதியம் பஸ் இறங்கி வந்தார் அக்கா. மண்ணரையில் நாங்கள் எல்லோரும் ஒரே லைன் வீட்டில்தான் குடியிருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் ஒரு பொதுக் குழாய். குழாயடியில் ஓவர்லாக் தைக்கிற பெண்ணின் கைக்குழந்தை உட்கார்ந்திருந்தது. வெற்றிலை போட்டதுபோல் வாயெல்லாம் சிவப்பு. கையில் கருப்பராயன். பொம்மையின் தலை பாதி வெளுத்திருந்தது.

அக்கா பையைக் கீழே போட்டார். குழந்தையைத் தூக்கி, உதட்டைத் திருப்பிப் பார்த்தார். நாக்கை இழுத்துப் பார்த்தார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து வாய்க்குள் விட்டுத் துடைத்தார். குழந்தை வீறிட்டது. அம்மாக்காரி ஓடி வந்தாள்.

"என்னங்க அக்கா பண்றீங்க?"

"இது ஏதுங்க?"

"கம்பெனில குடுத்தாங்க. பாத்தீங்களா, அம்பு கூட இருக்குது."

"அந்த அம்ப ஒட்டுனவளே நாந்தானம்மா!" அக்கா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "ஆகாதுன்னு ஒட்டுனேம்மா. சாயம் போவுது. வாயில வெக்கக் கூடாது."

"போச்சாதுங்க அக்கா, உடுங்க. நம்ம புள்ளைங்க எதத்தான் வாயில வெக்காம இருக்குதுக? மண்ணத் திங்குது, சாயத்தண்ணில ஆடுது."

அவள் கெட்டவள் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்ட்டை விட்டுவிட்டு ஓடுகிறவள். ஆனால் தன் குழந்தைக்குச் செகண்ட்ஸ் போதும் என்று அவளுக்கு எப்போதோ யாரோ பழக்கிவிட்டார்கள். பழக்கியவர்களுக்கு அதற்கென்று கை வலித்திருக்காது.

அக்கா என் அறைக்கு வந்து நின்றார். "தம்பி, ஒரு சாக்கு எடுத்துட்டு வாங்க."

பொழுது சாயும்வரை சுற்றினோம். எங்கள் லைன், அடுத்த லைன், கோயில் பின்னால் இருக்கும் ஓட்டு வீடுகள். அக்காவுக்கு இதமாகப் பேசத் தெரியாது. கதவைத் தட்டுவார், "பொம்மையக் குடுங்க" என்பார், காரணம் ஒரு வரி சொல்வார், கொடுக்காவிட்டால் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கில் போடுவார். பிள்ளைகள் மண்ணில் புரண்டு அழுதன. கொஞ்சம் பெரிய பையன்கள் "பொம்ம புடுங்கி, பொம்ம புடுங்கி" என்று பின்னாலேயே வந்தார்கள்.

"புள்ளையப் பெத்து வளத்திருந்தாத் தெரியும்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள்.

"இவங்களுக்கு மட்டும் பை கெடைக்கல, அந்த வயித்தெரிச்சல்" என்றார்கள் இன்னொரு வீட்டில்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம், என்னைத் தனியாக இழுத்தார். "ஏலே, ஒனக்கு என்ன வந்துச்சு? ஓசியில வந்தத ஏன் பிடுங்குதிய? நாளைக்கு நம்மளுக்கு ஒண்ணும் தரமாட்டான்வ."

"சாயம் அண்ணாச்சி."

"சாயம் என்னலே சாயம், இந்த ஊர்ல சாயம் படாதது எது?"

அக்கா ஒவ்வொரு பொம்மையையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, அம்பு இருந்தால் மட்டும் சாக்கில் போட்டார். ஒரு வீட்டில் சந்தையில் வாங்கிய வேறு பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்குதுங்க, வெச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு பிள்ளைதான் அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தது. எல்லாவற்றையும் வாங்க முடியவில்லை. சிலர் அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள். சிலர் ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சாக்கை நான் தூக்கிப்போய் கம்பெனி கேட்டுக்குள் வைத்தேன். அக்கா மேனேஜரிடம், "இத ஒடச்சுப் போட்டுருங்க" என்றார். மேனேஜர் தலையாட்டினார்.

டீ நேரத்தில் பெண்கள் கேட்டருகே கூட்டமாக நின்று மேனேஜரிடம் முறையிட்டார்கள். மேனேஜர் சாக்கின் வாயைப் பிரித்தார். "அக்காவுக்குக் கொஞ்சம் டென்சன் ஜாஸ்தி. யாரோடது போச்சோ எடுத்துக்கங்கம்மா" என்றார். கைகள் சாக்குக்குள் போயின. நான் பேக்கிங் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மேசையை விட்டு எழுந்து வந்தார்.

அப்போதுதான் முதலாளியின் கார் வந்தது. அன்றைக்கு மகளையும் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடம் இன்னும் போகாத சின்னப் பெண். காரிலிருந்து இறங்கியதும் சாக்கைப் பார்த்துவிட்டது. ஓடிவந்து மேலே கிடந்த துண்டுக்காரனை எடுத்தது. எடுத்தவுடன் எல்லாக் குழந்தையும் செய்வதைச் செய்யப் போனது.

"ஏய்! சீ, சீ, கீழ போடு கண்ணு!" முதலாளி ஓடிவந்து அதன் கையில் ஒரு தட்டு தட்டினார். பொம்மை மண்ணில் விழுந்தது. "அது செகண்ட்ஸ், அதத் தொடக்கூடாது. ஊட்டுல உனக்கு நல்லது வெச்சுருக்கறனல்ல?" பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, பக்கத்துக் குழாயில் நனைத்து, மகளின் விரல் ஒவ்வொன்றையும் துடைத்தார்.

கைக்குட்டை சிவந்தது.

அதைப் பார்க்காதவர் அங்கே யாரும் இல்லை. பெண்கள் பொம்மைகளைக் கையில் வைத்தபடி நின்றார்கள். முதலாளிக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மொதலாளி" என்றார் அக்கா. குரல் பணிவாகத்தான் இருந்தது. "நானும் அப்புடித்தானுங்க தேச்சுப் பாத்தேன்."

முதலாளி அவரைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றோம். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஓவர்லாக் பெண் தன் கையிலிருந்ததைச் சாக்கில் போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். எல்லோரும் போட்டார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டு மூன்று பேர் முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனதையும் பார்த்தேன்.

மேனேஜர் சாக்கின் வாயைக் கட்டினார். "ஏப்பா, இத ஸ்டோர்ல தூக்கிப் போடு. தீபாவளிக்கு ஹெல்பருங்களுக்கு ஆவும், பாத்துக்கலாம்."

அவ்வளவு பார்த்தபிறகும் அதைச் சொன்னார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. மிச்ச பட்டனை என்ன செய்வது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் சாக்கைத் தோளில் ஏற்றினேன். ஸ்டோர் இடது பக்கம், கேட் வலது பக்கம். அக்கா என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, சாக்கில் ஏதோ தூசி தட்டுவதுபோல் தட்டினார்.

"கொண்டு போயிருங்க தம்பி" என்றார் மெல்ல. "திருப்பிக் கொண்டாராதீங்க."

"நீங்களும் வாங்க அக்கா. இந்த எடத்துல எதுக்கு?"

"நான் வந்துட்டா அந்த டேபிள்ல யாரு நிக்கறது? பல்ல இளிக்கறவ எவளாச்சும் நிப்பா. எல்லாம் பாஸ் ஆயிரும்."

அவரை அவர்கள் வேலையை விட்டு நீக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆர்டர் இருந்தது. கடல் கடந்த பிள்ளைகளின் வாய்க்கு எது ஆகாது என்று பார்த்துச் சொல்ல அந்தக் கண் வேண்டும். அந்தக் கண் இந்தப் பக்கம் திரும்பியதுதான் அவர்களுக்குத் தொந்தரவு. கேட்டில் வாட்ச்மேன், "எங்கப்பா கொண்டு போறே?" என்றார். "வெளிய" என்றேன். வரவேண்டிய கூலியைக் கேட்க உள்ளே திரும்பவில்லை. மூட்டையோடு போனவனைத் திருடன் என்றுதான் மறுநாள் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

டீக்கடையை விட்டு நடந்து படியூரைத் தாண்டியதும், சாலையிலிருந்து தள்ளி, முள்ளடைந்த ஒரு பாழுங்கிணறு. தண்ணீர் வற்றிப் பல காலம் ஆகியிருக்கும், அடியில் கல்லும் கள்ளியும்தான். ஆடு மேய்க்கும் பிள்ளைகள்கூட இறங்க முடியாத ஆழம். சாக்கைத் தள்ளிவிட்டேன். மேலே முள்ளை வெட்டிப் போட்டேன். அத்தனை வீரர்களும் ஒருவரைக்கூடக் காப்பாற்றாமல் போய்ச் சேர்ந்தார்கள். முந்தானையில் முடிந்துகொண்டு போனவை, அரிசிப் பானையில் இருந்தவை, ஊருக்குப் போனவை என்ன ஆயினவோ. அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் ஆகவில்லை என்றும் எனக்குத் தெரியாது, ஆயிற்று என்றும் தெரியாது. தெரியவே வராது என்ற தைரியத்தில்தான் இப்படியெல்லாம் செய்கிறார்கள்.

அன்றிரவு காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையின் சுவரோரம் படுத்தேன். காலையில் எழுந்து வேலை தேடினேன். ஊருக்கு வெளியே கொப்பரைக் களம் ஒன்று இருந்தது. உடைத்த தேங்காய் மூடிகள் ஏக்கர் கணக்கில் வெயிலில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. களத்து மேஸ்திரி வயதானவர், தோளில் வெள்ளைத் துண்டு.

"ஆள் வேணுங்களா?"

"வேணும். கையக் காட்டு."

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன். உள்ளங்கை இரண்டும் சிவப்பாக இருந்தன. பிள்ளைகளின் எச்சிலில் ஊறிய பொம்மைகளை இரண்டு நாளாக அள்ளியும், வேர்வையில் மூட்டையைப் பிடித்தும் ஏறிய சாயம்.

"சாயப்பட்டறையா?"

"பொம்மைங்க."

அவருக்குப் புரியவில்லை. "எதோ ஒண்ணு. இது திங்கற எண்ணெய்க்குப் போற கொப்பரப்பா. இந்தக் கையோட களத்துல எறங்காத. தொட்டில போய்க் கழுவிட்டு வா."

தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, தோல் எரியும்வரை தேய்த்தேன். திரும்பி வந்து கையை நீட்டினேன். அவர் துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்தார். என் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துவிட்டு, துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். துண்டு லேசாகச் சிவந்திருந்தது.

"இன்னொருக்கா கழுவு" என்றார்.

யார் சொல்லியும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கீழ்ப்படிந்ததில்லை. மறுபடி போய்க் கழுவினேன். மறுபடி தேய்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"ம், எறங்கு. கவுந்து கெடக்கறத எல்லாம் திருப்பிப் போடு. உள்ள பூசணம் இருந்தாத் தனியா எடுத்து வெய்யி."

களத்தில் இறங்கி, முதல் மூடியைத் திருப்பினேன்.